பிள்ளை திரும்பிவிட்டது என்றாள் மலர்க்கொடி

கத்திவாக்கத்துக் குப்பத்தில் கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கழுத்தளவு ஆற்றுத் தண்ணீரில் குந்திக்கொண்டு, பிடித்ததைப் போடுகிற பனையோலைப் பறியைப் பல்லில் கவ்வியபடி, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவித் துழாவி நகர வேண்டும். கண்ணுக்கு அங்கே வேலை கிடையாது. மின் நிலையத்துச் சாம்பல் கலந்த கலங்கலில் சொந்த முழங்கால்கூடத் தெரியாது. விரல் சொல்வதுதான் எல்லாம்.

மலர்க்கொடி அவர்களில் கெட்டிக்காரி. விரல் பட்ட மாத்திரத்தில் வெள்ளை இறாலா, வரி இறாலா, நண்டா, உடைந்த பாட்டிலா என்று தெரிந்துவிடும். மற்றவர்களைக் கெளுத்தி முள் குத்திய இடத்தில் அவள் சும்மா தாண்டிப் போவாள். சின்ன வயதில் அம்மாவோடு ஆற்றில் இறங்கியவள். அம்மா போன பிறகும் இறங்கினாள், கல்யாணம் ஆன பிறகும் இறங்கினாள். கட்டிக்கொண்ட ஜெயவேல் கொருக்குப்பேட்டைக்காரன். கண்டெய்னர் யார்டில் கூலி வேலை. அவன் வீட்டில் ஆட்கள் அதிகம், இடம் குறைவு. அதனால் மனைவியின் ஊருக்கே வந்துவிட்டான். யார்டில் வேலை இல்லாத வாரங்களில் அடுப்பு எரிவது மலர்க்கொடியின் பறியால்தான். அதை அவள் சொல்லிக்காட்டியதில்லை. அவனும் மறந்ததில்லை.

முதல் பிள்ளை மதி, நாலாம் வகுப்புப் படிக்கிறாள். சுகப்பிரசவத்தில் பிறந்தவள். அடுத்தது, ஆற்றில் எண்ணெய் மிதந்த மார்கழிக்குப் பிறகு வயிற்றில் தங்கி, மூன்றாம் மாதத்தில் கலைந்துபோனது. எதனால் என்று யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. மூன்றாவதாக இந்தப் பிள்ளை.

எட்டாம் மாதம் முடிந்து ஸ்கேன் எடுத்தபோது, பிள்ளையின் தலை மேலே இருந்தது. பிட்டம் கீழே. பெரிய ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா நிதானமாக எடுத்துச் சொன்னார். இந்த நேரத்துக்கு மேலும்கூடச் சில பிள்ளைகள் தானாகவே திரும்பிவிடும். அப்படித் திரும்பாவிட்டால், வயிற்றின் மேலிருந்தே கையால் மெதுவாகத் தள்ளித் திருப்பிப் பார்க்கலாம். அதை ஆஸ்பத்திரியில்தான் செய்ய வேண்டும். பிள்ளையின் துடிப்பைக் கவனித்துக்கொண்டு, பக்கத்தில் ஆபரேஷன் அறையைத் தயாராக வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். பாதிப் பேருக்குத்தான் பலிக்கும். முன்னாலேயே பிள்ளை பெற்றவளுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பலிக்கும். பலிக்காவிட்டால் ஆபரேஷன். பிட்டம் முதலில் வருகிற பிள்ளையைச் சுகமாகவே எடுக்கிற கை சில டாக்டர்களுக்கு உண்டு. ஆனால் அது எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தாது, தலை கடைசியில் மாட்டிக்கொண்டால் ஆபத்து. பிள்ளை குறுக்கே படுத்துவிட்டால் மட்டும் பேச்சே இல்லை, கத்திதான்.

சொல்லி முடித்து, மலர்க்கொடியின் கையைப் பிடித்து விலா எலும்புக்குக் கீழே வைத்தார்.

"இங்க அழுத்திப் பாரும்மா. கெட்டியா, உருண்டையா ஒண்ணு தெரியுதா?"

அவர் முடிப்பதற்குள் அவள் விரல்கள் அதைப் பிடித்துவிட்டன. "தோ கீது. ஆட்டுனா தனியா ஆடுது."

"பரவாயில்லையே! எங்க ஸ்டூடண்ட்ஸுக்கே இது வர ஒரு மாசம் ஆகும்."

டாக்டர் இதைச் சிரிப்புக்காகத்தான் சொன்னார். மலர்க்கொடி அதை அப்படியே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள். திருப்பிப் பார்ப்பது, முடியாவிட்டால் அங்கேயே தங்கவைத்து ஆபரேஷன் செய்வது என்று ஏற்பாடு. அதுவரைக்கும் ஆற்றில் இறங்கக் கூடாது என்றும் சொன்னார்கள்.

மலர்க்கொடிக்கு ஆபரேஷன் என்றாலே தாயம்மாவின் நினைப்புத்தான். பக்கத்துத் தெருத் தாயம்மா ஆபரேஷனில் பிள்ளை பெற்று, தையல் ஆறுவதற்குள் ஆற்றில் இறங்கினாள். வயிறு சீழ் பிடித்து, ஒரு மழைக்காலம் முழுக்கப் பாயிலேயே கிடந்தாள். இன்றைக்கும் அவள் தண்ணீருக்குப் போவதில்லை. யார் வீட்டிலோ பாத்திரம் தேய்க்கிறாள். தாயம்மாவைக் கெடுத்தது கத்தி இல்லை, ஆறாத புண்ணோடு அந்தத் தண்ணீரில் இறங்கியது. ஆனால் குப்பத்தில் யாரும் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. 'ஆபரேஷன் பண்ணிகினா ஆத்தை மறந்துட வேண்டியதுதான்' என்பது அங்கே முடிந்த முடிவு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாயில் படுத்தபடியே மலர்க்கொடி விலாவுக்குக் கீழே தடவினாள். உருண்டை அங்கே இல்லை. மெதுவாக ஒவ்வொரு விரலாக இறக்கினாள். வலப்பக்கம், இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் அது அகப்பட்டது. கெட்டியாக, உருண்டையாக, ஆட்டினால் தனியாக ஆடியது.

"இந்தாய்யா, எழுந்திரு! புள்ள திரும்பிகிச்சு!"

ஜெயவேல் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தான். "இன்னா சொல்ற? யார் திருப்புனது?"

"அதுவே திரும்பிகிச்சு. அப்பன மாதிரி சோம்பேறி இல்ல."

சிரிப்புச் சத்தம் கேட்டு அடுத்த வீட்டிலிருந்து பூவம்மா வந்தாள். மலர்க்கொடியின் அண்ணன் அன்பரசனுடைய மனைவி, மலர்க்கொடிக்கு அண்ணி. ஆற்றிலும் ஜோடி. அவளும் வயிற்றில் கை வைத்து, வலப்பக்க உருண்டையைத் தேடிப் பிடித்து, "மெய்யாலுமே கீதுடி" என்றாள். அப்புறம் தெருப் பெண்கள் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு தடவை தடவினார்கள்.

"இன்னா மலரு, வயித்துலயும் எறா புடிக்கிறியா?"

"நல்லா அழுத்திப் பாருடி, மீசை தட்டுப்படுதா?"

"ஜெயவேலுக்கே இன்னும் மீசை சரியா முளைக்கல, புள்ளைக்கு எங்க வரும்?"

அவ்வளவு கைகளும் இறால் தடவிய கைகள். ஒவ்வொன்றும் சரியான இடத்தில்தான் உருண்டையைத் தொட்டது. மேலே இல்லாத தலை கீழேதான் இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றியது. இடுப்பெலும்பின் ஓரத்தில் இருக்கிற தலை பிறக்கிற வாசலுக்கு நேராக இல்லை, பிள்ளை சாய்ந்து குறுக்கே கிடக்கிறது என்பது அந்தத் தெருவில் ஒருத்திக்கும் தெரியவில்லை. தொட்டது தலை என்பதில் பிசகு இல்லை. அது நிற்கிற இடத்துக்கு என்ன அர்த்தம் என்பதில்தான் பிசகு.

ஜெயவேல் மட்டும் சாயங்காலம் ஒரு தடவை கேட்டான். "எதுக்கும் செவ்வாய்க்கிழமை போய் ஒரு படம் எடுத்துகினு வந்துடலாமே?"

"போனா படுக்க வெச்சிடுவாங்கய்யா. திரும்பிடிச்சுன்னு நானே சொல்றேன். புது மழைத் தண்ணி எறங்கி எறா வந்துகினு கீது. இந்த நேரத்துல போய் கட்டில்ல படுத்துக்கவா?"

மறுநாள் விடிந்ததும் அவன் யார்டுக்குப் போக வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று தெரிந்து நர்ஸ் ஷைனி போன் செய்தாள். குப்பத்துக்கு வந்துபோகிற சுகாதார நர்ஸ். கர்ப்பிணிப் பெண்களைத் துரத்திப் பிடிப்பதே அவள் வேலை.

"ஏன் மலர் போகலை?"

"திரும்பிடிச்சு சிஸ்டர். கையில தெரியுது."

"மேல இல்லைன்னா கீழ வந்துடுச்சுன்னு அர்த்தம் இல்லம்மா. நடுவழியில நிக்கலாம். குறுக்க நிக்கலாம். ஸ்கேன்ல பார்த்தாத்தான் தெரியும்."

"சேத்துக்குள்ள கீற எறாவே எனக்குத் தெரியும் சிஸ்டர். என் வயித்துல கீறது தெரியாதா?"

ஷைனி விடவில்லை. மறுநாள் நேரிலேயே வந்தாள். மலர்க்கொடி வீட்டில் இல்லை. எங்கே போயிருப்பாள் என்று கேட்க வேண்டியதும் இல்லை. அன்றைக்கு உடம்பு சரியில்லாமல் வீட்டிலிருந்த பூவம்மாவைப் பிடித்துக்கொண்டு, வாசலில் நின்றே சொன்னாள். "இந்த வாரத்துக்குள்ள அவளக் கூட்டிட்டு வரணும். அதுக்குள்ள பனிக்குடம் உடைஞ்சு தண்ணி வந்தா உட்கார வைக்காதீங்க, நடக்க விடாதீங்க. தொப்புள்கொடி முன்னாடி வந்து விழுந்தா முட்டி போட்டுக் குனிய வைங்க. தலை கீழ, இடுப்பு மேல. கொடியப் பிடிச்சு இழுக்கக் கூடாது, உள்ள தள்ளக் கூடாது. உடனே நூத்தியெட்டுக்குக் கூப்பிடுங்க."

பூவம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். சாயங்காலம் மலர்க்கொடியிடம், "அந்த சிஸ்டர் வந்து ஒரே பேஜாரு பண்ணிகினு கீதுடி. போய் ஒருவாட்டி தலைய காட்டிட்டு வந்துடு" என்று மட்டும் சொன்னாள். மலர்க்கொடி, சனிக்கிழமை போகலாம் என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை அன்பரசன் தன் பைபர் படகில் பூவம்மாவையும் மலர்க்கொடியையும் ஏற்றிக்கொண்டுபோய்ச் சேற்றுத் திட்டில் இறக்கிவிட்டு, எட்டத்தில் வலை போடப் போனான். முந்தின இரவு மழை பெய்திருந்தது. இறால் நிறைய இருந்தது. மின் நிலையத்து வெந்நீர் வந்து கலக்கிற பக்கம்தான் இறால் கூடும் என்று மலர்க்கொடிக்கு ஒரு கணக்கு உண்டு. அந்தப் பக்கமாகவே நகர்ந்தாள். அடிவயிற்றில் லேசாக இழுத்தது. ஒன்பதாம் மாதத்தில் இழுக்காமல் என்ன செய்யும் என்று பறியை இன்னும் இறுக்கிக் கவ்விக்கொண்டாள்.

தொடையைச் சுற்றிக் கதகதப்பாக ஏதோ பரவியது. வெந்நீர் அலை ஒன்று தள்ளிக்கொண்டு வந்ததாக நினைத்தாள். அங்கே அது வழக்கம்தான். தரையில் இருப்பவளுக்குப் பனிக்குடம் உடைந்தால் பாவாடை நனையும், பாய் நனையும், தெரிந்துவிடும். கழுத்தளவு தண்ணீரில் குந்தியிருப்பவளுக்கு எது ஆற்றுத் தண்ணீர், எது தன் தண்ணீர் என்று எப்படித் தெரியும்? அவள் இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள். இரண்டு இறால் பிடித்தாள்.

அப்போது தொடையில் ஏதோ உரசியது. கையை விட்டுப் பார்த்தாள். வழுவழுவென்று, விரல் மொத்தம், முறுக்கிக்கொண்டு கிடந்தது. விலாங்கு என்று உதறப்போனாள். அது அவளோடு ஒட்டியிருந்தது. விரலுக்குள் துடித்தது.

பறி வாயிலிருந்து விழுந்தது. "அண்ணீ!"

அந்தக் குரலைக் கேட்டதும் பூவம்மாவுக்கு ஷைனி சொன்னது வரிசையாக ஞாபகம் வந்துவிட்டது. தலையாட்டிக் கேட்டுவிட்டு மறந்ததெல்லாம் அந்த நேரத்தில் வந்து நின்றது. புருஷனைக் கூவிப் படகைத் திருப்பச் சொல்லி, மலர்க்கொடியை அள்ளி உள்ளே போட்டாள்.

"குனிடி! முட்டி போட்டுக் குனி! தலைய கீழ வை, பின்னாடி தூக்கு!"

"அண்ணன் கீறாரே அண்ணி..."

"வெக்கத்த ஆத்துல போடு! குனி!"

அன்பரசன் முகத்தைத் திருப்பிக்கொண்டு எஞ்சினை முடுக்கினான். ஒரு கையால் போனைக் காதில் வைத்து, ஆற்றுப் பாலத்தின் கரைக்கு ஆம்புலன்ஸ் வரும்படி கத்தினான். பூவம்மா தன் சேலைத் தலைப்பை நனைத்துக் கொடியின்மேல் லேசாகப் போர்த்தினாள். இழுக்கவில்லை, தள்ளவில்லை. விரல் நுனியை மட்டும் அதன்மேல் வைத்தாள்.

"துடிப்பு கீதா அண்ணி?"

"கீது."

பாலம் கண்ணுக்குத் தெரிந்தபோது மலர்க்கொடி மறுபடி கேட்டாள். "கீதா?"

"கீதுடி. பேசாத."

ஆம்புலன்ஸ் வந்திருந்தது. அதிலிருந்த பெண் உதவியாளர் தாமதிக்கவில்லை. மலர்க்கொடியைக் குனிந்த நிலையிலேயே ஏற்றி, கையுறை மாட்டி, கையை உள்ளே விட்டுப் பிள்ளையின் தோள் கொடியை நசுக்காதபடி தூக்கிப் பிடித்துக்கொண்டாள். செய்ய வேண்டியது அதுதான், அதை அவள் சரியாகச் செய்தாள். சாலையில் கண்டெய்னர் வண்டிகள் துறைமுகத்துக்குப் போகும் வரிசையில் நின்றிருந்தன. சைரன் கத்தியது. வண்டி ஒதுங்கி ஒதுங்கிப் போனது. உதவியாளரின் கை கடைசிவரை விலகவில்லை.

மணலில் புதைந்த மாதிரி முகத்தை மெத்தையில் வைத்துக்கொண்டு மலர்க்கொடி கேட்டாள். "இன்னும் துடிக்குதாம்மா?"

"மூச்சை நல்லா இழுத்து விடுங்க."

"துடிப்பு கீதா?"

"பேசாதீங்கம்மா. மூச்சு விடுங்க."

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்து நகர்த்தினார்கள். ஒரு டாக்டர் பார்த்தார். இன்னொருவர் வந்து பார்த்தார். கையை எடுக்கலாம் என்று உதவியாளரிடம் மெல்லச் சொன்னார்கள். அவள் கை மரத்துப்போயிருந்தது. அதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு வெளியே போனாள்.

முன்பு ஸ்கேன் பார்த்த அதே டாக்டரம்மா தலைமாட்டில் வந்து நின்றார். "இதயத் துடிப்பு இல்லைம்மா."

மலர்க்கொடி இடுப்பெலும்பின் ஓரத்தைத் தடவினாள்.

"குழந்தையை வெளியே எடுக்கணும். ஆபரேஷன்தான் பண்ணியாகணும்."

"அதான் போயிடுச்சே. அதுக்கு எதுக்கு ஆபரேஷன்?"

"குறுக்க இருக்கும்மா. தண்ணியெல்லாம் வத்திப்போச்சு, இனிமே திருப்பவும் முடியாது. அப்படியே விட்டா வலி வரும், கர்ப்பப்பை கிழிஞ்சிடும். உன் உயிரையாவது காப்பாத்தணும்."

பயந்து பயந்து எதிலிருந்து தப்பி ஓடினாளோ, அதற்கே அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு வித்தியாசம்தான். திரும்பி வரும்போது பக்கத்தில் படுக்க வைக்க ஒன்றும் இல்லை.

ஆண் பிள்ளை. எந்தக் குறையும் இல்லை. நல்ல எடை.

மயக்கம் தெளிந்து படுத்திருந்தவளிடம் ஒரு நர்ஸ் வந்து, பிள்ளையைப் பார்க்கிறாயா என்று கேட்டாள். பூவம்மா முந்திக்கொண்டாள். "வேணாம் சிஸ்டர். பாத்தா அப்புறம் அவளுக்குத் தூக்கமே வராது. பாக்காதடி மலரு, சொன்னாக் கேளு." மலர்க்கொடி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் தாய்க்கு ஒரு தடவையாவது காட்டிவிட வேண்டும், இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு என்று கொஞ்சம் பொறுக்கவாவது வேண்டும். பொறுக்கவில்லை. வெள்ளைத் துணியில் சுற்றி ஜெயவேலிடம் கொடுத்தார்கள். அவனும் அன்பரசனும் எடுத்துக்கொண்டு போய்ச் சாயங்காலத்துக்குள் புதைத்துவிட்டார்கள்.

வார்டில் இருபுறமும் பிள்ளைகள் அழுதன. மூன்றாம் நாள் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டது. மாத்திரை கொடுத்தார்கள், இறுக்கமான உள்பாடி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். ஷைனி வந்து ஈரத்துணி மடித்து மார்பில் வைத்தாள். திட்டவில்லை. 'நான் அப்பவே சொன்னேனே' என்று சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் மலர்க்கொடிக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

டாக்டரம்மா காலைச் சுற்றில் வந்தபோது, மலர்க்கொடி தானாகவே கேட்டாள். "செவ்வாய்க்கிழமை வந்திருந்தா?"

அவர் மறைக்காமல் சொன்னார். "திருப்பிப் பார்த்திருப்போம். திரும்பலைன்னா ஆபரேஷன்."

"இதே ஆபரேஷனா?"

"இதைவிடச் சின்னது. குழந்தை குறுக்க மாட்டிக்கிட்டதால கர்ப்பப்பையை நெடுக்க வெட்ட வேண்டியதாப் போச்சு. இனிமே குழந்தை வேணும்னா வலி வர விடவே கூடாது. ஆபரேஷன் மட்டும்தான்."

"இனிமேன்னு ஒண்ணு கீதா?" என்றாள் மலர்க்கொடி. டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

வீட்டுக்கு வந்தபோது அன்றைக்கு வயிற்றைத் தடவிய பெண்கள் எல்லோரும் வந்தார்கள். ஆளுக்கு ஒன்று கொண்டுவந்தார்கள். ரொட்டி, கஞ்சி, கருவாட்டுக் குழம்பு. யாரும் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேசவில்லை. ஒருத்தி மட்டும், "எல்லாம் விதி மலரு" என்று ஆரம்பித்தாள். பூவம்மா, "எழுந்து போ" என்றாள். அவள் எழுந்து போனாள்.

எல்லோரும் போன பிறகு ஜெயவேல் அவளுக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்தான். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். குடிக்கவில்லை.

"யார் மாதிரி இருந்தான்?"

அவன் கஞ்சி ஆற்றிய பாத்திரத்தை ஓரமாக நகர்த்தினான்.

"கேக்குறேன்ல. உன்ன மாதிரியா? எங்கண்ணன மாதிரியா?"

"நான் பாக்கல மலரு."

"எடுத்துகினு போனது நீதானே?"

"துணிய பிரிக்கல. பிரிச்சா புதைக்க கை வராதுன்னு உங்கண்ணன் சொன்னாரு. அப்படியே வெச்சிட்டோம்."

"அண்ணன்?"

"அவரும் பாக்கல."

மலர்க்கொடி ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தாள். பூவம்மா பார்க்கவில்லை. மதியை ஆஸ்பத்திரிப் பக்கமே கூட்டி வரவில்லை. பிள்ளையைத் துடைத்துச் சுற்றிய நர்ஸ் பார்த்திருப்பாள். அன்றைக்கு எத்தனையோ பிள்ளைகளைத் துடைத்திருப்பாள். இதன் முகம் அவளுக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது?

"அப்போ யாருமே பாக்கலியா?" என்றாள்.

ஜெயவேல் கஞ்சிக் கிண்ணத்தை அவள் மடியிலிருந்து எடுத்தான். ஆறிப்போயிருந்தது. சுடவைத்துக்கொண்டு வருவதாகச் சொல்லி உள்ளே போனவன், வெகுநேரம் வெளியே வரவில்லை.